ஒன்பது லோடு எரு

தோட்டத்தில் எல்லோரும் அவளை மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பார்த்தால் சாதாரண மூக்குதான். ஆனால் மக்கிக்கொண்டிருக்கும் எருக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "இன்னும் மூணு வாரம்" என்பாள். சரியாக மூன்று வாரம்தான் ஆகும். "மூக்கு சொல்லிடுச்சு, இனி அப்பீல் கிடையாது" என்று முதலில் கிண்டல் செய்தவர் அவள் கணவர். பிறகு கூலிக்கு வருபவர்களும், வாரக் கூடை வாங்கும் வீட்டுக்காரர்களும்கூட அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்பவர்; வீடு கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். இருபத்துமூன்று வயதில் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த முதல் வாரம், களை என்று நினைத்து ஒரு வரிசை கேரட் நாற்றை வேரோடு பிடுங்கிப் போட்டாள். கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் குனிந்து மண்ணைச் சமன்படுத்திப் புது விதை போட்டான். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது. மழை ஓய்ந்ததும் கீரையும் முள்ளங்கியும். குளிர் வந்தால் கேரட், முட்டைகோஸ், பட்டாணி. வெயில் ஏற ஏறத் தக்காளி, பீன்ஸ், வெள்ளரி, பூசணி. கொழுந்தன் உழவும் தண்ணீரும் பார்த்தான். கணவர் காய்களைக் கூடை கட்டி வேனில் கொண்டுபோய்க் கொடுத்தார். மண் அவள் பொறுப்பு. நாற்பத்திரண்டு பாத்திகள். எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கும், எதில் மண்புழு குறைவு என்று படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு மருந்து அந்த மண்ணில் விழுந்ததில்லை.

கணவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்ட வருடம், ஐந்து மாடுகளில் மூன்றை விற்க வேண்டி வந்தது. மிச்சமிருந்த இரண்டு மாட்டுச் சாணம் பத்துப் பாத்திக்குக்கூடக் காணாது. மூன்று கிலோமீட்டர் தள்ளி நாற்பது மாடு வைத்திருந்த பால்காரரிடம் போனாள். நல்ல மனிதர், மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்.

"அண்ணே, மாட்டுக்கு என்ன போடுறீங்க?"

"புல்லுதான்க்கா. போன வருஷம் இங்க புல்லு காஞ்சு போச்சு. வெளியிலேர்ந்து கட்டுக் கட்டா வாங்கினேன். அவ்வளவு சுத்தமான புல்லு! தேடினாலும் ஒரு களை கிடைக்காது."

அவர் பெருமையாகச் சொன்னார். அவளும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஏன் ஒரு களைகூட இல்லை என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்பது லோடு எரு வந்து இறங்கியது. எட்டு மாதம் புரட்டிப் போட்டாள். முதலில் ஆவி பறந்தது, பிறகு ஆறியது, பிறகு கறுத்து உதிர்ந்தது. ஒருநாள் கையில் அள்ளி மோந்தாள். மழை பெய்த காட்டின் வாசனை. "இதுபோல எரு நான் செஞ்சதே இல்லை" என்று கணவரிடம் சொன்னாள்.

கொழுந்தன்தான் தயங்கினான். "அண்ணி, இந்தத் தடவை மேல் பாதிக்கு மட்டும் போடலாமே. புது இடத்து எரு. கீழ் பாதியை அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"நான்தான் மோந்து பாத்துட்டேனே தம்பி."

"அப்போ சரி."

நாற்பத்திரண்டு பாத்திக்கும் அவளே நின்று போட்டாள்.

நட்ட மூன்றாவது வாரம் தக்காளியின் கொழுந்து இலைகள் உள்பக்கமாகச் சுருண்டன, மூடிய கைவிரல் மாதிரி. அடுத்து பீன்ஸ், இலைகள் கிண்ணமாக மடிந்தன, தண்டு முறுக்கிக்கொண்டது. சுருட்டை நோய் என்று நினைத்தாள். வெள்ளை ஈ பரப்பியிருக்கும் என்று, அதைப் பிடிக்கப் பசை தடவிய மஞ்சள் அட்டை கட்டினாள், சோப்புத் தண்ணீர் தெளித்தாள், செடிகளைப் பிடுங்கி எரித்தாள். பக்கத்துச் செடி சுருண்டது. ஒருநாள் காலை, கூலிக்காரப் பெண்கள் நாலு பேர் நிற்கும்போதே கொழுந்தன் மேல் பாய்ந்தாள்.

"இந்த விதையை எங்க பொறுக்கிட்டு வந்தே?"

"எப்பவும் வாங்குற கடைதான் அண்ணி."

"அப்போ நாத்துல கோட்டை விட்டிருக்கே. உனக்குத்தான் இப்பல்லாம் கவனமே இல்லையே!"

அவன் காது சிவந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் இரண்டு பேருக்கும் "ம்", "இல்லை" என்பதற்கு மேல் பேச்சில்லை.

அதில் முதல் வாரத்திலேயே ஒன்று அவள் கண்ணில் பட்டது. வெங்காயமும் சோளமும் கரும்பச்சையாகக் கொழித்து நின்றன. பாத்தி ஓரத்துப் புல்லும் அப்படியே. அகல இலைச் செடிகள் மட்டும்தான் சுருண்டன. நான்கு இலைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி இளம்பெண். இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "எரு எங்கம்மா வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

பால்காரரையும் அவர் வெளியிலிருந்து வாங்கிய புல்லையும் பற்றி அவள் சொன்னாள்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். புல் வளர்க்கிறவர்கள் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அது புல்லை ஒன்றும் செய்யாது, மற்ற செடிகளைத்தான் கொல்லும். மாட்டின் வயிற்றில் போனாலும் அழியாது, சாணத்தில் வரும். எருக் குவியலின் சூட்டிலும் லேசில் போகாது. மண்ணில் சில வருடம்கூட இருக்கும்.

"வாசனை ஏதாவது இருக்குமா?"

"துளிகூட இருக்காதும்மா."

வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலில் ஆறு டம்ளர் வைத்தாள். மூன்றில் ரோட்டோரத்து மண், மூன்றில் எரு கலந்த மண். ஆறிலும் பீன்ஸ் விதை. ஒன்பதாம் நாளே எரு கலந்த மூன்றிலும் இலை சுருண்டுவிட்டது. ஆனாலும் பன்னிரண்டாம் நாள் வரை தண்ணீர் ஊற்றினாள். கணவர் டம்ளர்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அன்று எந்தக் கிண்டலும் வரவில்லை.

கொழுந்தன் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, விதை இல்லை. எரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். 'பாதிக்குப் போடலாம்னு நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை. கத்தட்டும், அந்த மண்வெட்டியைத் தூக்கி எறியட்டும். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வாஷரைக் கொஞ்சம் பிடிங்க அண்ணி" என்றான். பிடித்தாள்.

பால்காரர் செய்தி கேட்டு ஓடி வந்தார். பாத்தி பாத்தியாக நடந்து பார்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுக்கா. என் மாடு மேல ஆணையா தெரியாது." அவருக்குப் புல் விற்றவன் போன் எடுக்கவில்லை. யாரை நொந்துகொள்வது?

இயற்கைக் காய்கறிச் சான்றிதழ் தருகிறவர்கள் வருடாந்தரச் சோதனைக்கு வர இருந்தார்கள். "நாமளா சொல்லணுமா?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார். "புள்ளைங்க சாப்பிடுதுங்க" என்றாள். அவளே சொன்னாள். சான்றிதழ் போனது, மூன்று வருடம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றார்கள். வாரக் கூடையில் வெங்காயமும் சோளமும் பூண்டும் மட்டும் போயின. எண்பது வீடுகளில் முதலில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வருடக் கடைசியில் பதினொரு வீடு மிஞ்சியது. ஆறுதல் சொன்னவர்களை அவள் குறை சொல்லவில்லை. எத்தனை வாரம்தான் வெங்காயமே தின்பார்கள்?

கோடையில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று மூன்று பேரும் இறங்கினார்கள். கணவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் நான்கு பாத்தி முடிந்தது. இருபத்தாறு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த மண் அது. அதை வண்டியில் அள்ளி மேட்டில் ஒரு மூலையில் கொட்டும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு பருவம் தவறி ஒரு மழை வந்தது. இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மேட்டில் குவித்த மண் கரைந்து, சுரண்டிச் சுத்தம் செய்த அதே நான்கு பாத்தியிலும் வந்து படிந்தது. கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

கொழுந்தனுக்கு நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பெட்டிகளை வேனில் ஏற்றி முடித்த பிறகு, அவள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு நீ பாதிக்கு மட்டும் போடலாம்னு சொன்னே. நான்தான் கேக்கலை. எல்லாரும் இருக்கும்போது உன்னை வேற ஏசினேன்."

"சொன்னேனா?" அவன் கயிற்றை இழுத்துக் கட்டினான். "ஞாபகம் இல்லை அண்ணி."

ஒன்பது வருடத்துக்கு முன் எந்தப் பாத்தியில் எந்த முட்டைகோஸ் நட்டோம் என்று கேட்டால் டக்கென்று சொல்கிறவன் அவன். அவளைத் தேற்றத்தான் பொய் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மறு வருடம் பால்காரர் வந்து, வெகுநேரம் நெளிந்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புல்லு மட்டும் நல்லா வருது. ஒரு மருந்தும் அடிக்க மாட்டேன்." அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தலையாட்டினாள். நாற்பத்திரண்டு பாத்தியையும் அவருடைய டிராக்டர் ஒரே பகலில் சமமாக்கியது. புல் இடுப்புயரம் வளர்ந்தது. கணவர் வேறொருவருடைய வேனை ஓட்டப் போனார். அவள் ஊர் எல்லையில் இருந்த காய்கறி பேக்கிங் கொட்டகையில் சேர்ந்தாள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, வாய்க்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு மாஸ்க். ஓடும் பெல்ட்டில் வரும் தக்காளியில் அடிபட்டதை எடுத்துப் போட வேண்டும். எல்லாம் ஒரே அளவில் பளபளவென்று இருக்கும். "நீங்க வேகமா பாக்குறீங்கம்மா" என்றான் மேற்பார்வையாளன்.

நான்காம் வருடம் ஒரு காலை, மண் பரிசோதனை நிலையத்துப் பெண் போன் செய்தாள். அவள் மறக்காமல் இருந்ததே பெரிது. "இந்நேரம் அந்த மருந்து போயிருக்கும்மா. ஒரு தடவை மண்ணு கொண்டு வாங்களேன். நல்ல ரிசல்ட்டா வர வாய்ப்பு இருக்கு."

"பாக்கலாம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கணவர் கட்டிலில் உட்கார்ந்து இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். "யாரு?"

சொன்னாள். அவர் முகம் ஒரு நிமிடம் மாறியது. "அப்போ பாத்துடுவோமா?"

"பாத்து? பாத்தி யார் வெட்டுறது?"

அவர் பெல்ட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள், சொல்லவில்லை. அவனுடைய மூத்த பெண் நகரத்திலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வெளியே கொட்டகை வண்டி ஹாரன் அடித்தது. தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும். அவள் கொடியில் கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டு, "சோறு மூடி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.