அந்த மருந்துக்கு என்னால் ஜெபிக்க முடியவில்லை

"நான் மாத்திரைய நிறுத்திடறேன், எஸ்தர். நோய்ல போனாப் போறேன். இப்படி டாய்லெட்டுலயே உட்கார்ந்து கிடக்க என்னால முடியாது."

என் வீட்டுக்காரர் தேவராஜ் இதைச் சொன்னது ஆறு வருஷத்துக்கு முந்தி. ஈஸ்டர் முடிஞ்ச வாரம். மலேசியாவுல, கிள்ளான்ல எங்க வீட்டுச் சமையலறை நாற்காலியில, சுவத்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டு சொன்னாரு. நான் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கிட்டு இருந்தேன். கை அப்படியே நின்னுடுச்சு.

அவருக்கு இரத்தப் புற்றுநோய். அவருக்கு வந்த வகையைத் தினமும் மாத்திரை போட்டா அடக்கி வைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. இரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நல்லா வந்துச்சு. ஆனா வயிறு விட்டுப்போச்சு. சாப்பிட்டாப் போகும், சாப்பிடலன்னாலும் போகும். துறைமுகத்துல பெரிய லோரி ஓட்டின மனுஷன், பெல்ட்டுல புது ஓட்டை போட்டு இறுக்கிக்கிட்டாரு. வேலையை விட்டாரு. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல எங்க சபைக்கு வர்றதும் நின்னுபோச்சு. ரயில்ல கிள்ளான்ல ஏறினா பாடாங் ஜாவாவுல இறங்கணும், மறுபடி சுபாங் ஜெயாவுல இறங்கணும். எந்த ஸ்டேஷன்ல டாய்லெட் எங்க இருக்குன்னு அவருக்கு மனப்பாடம். கடைசியா ஒருநாள் பாதி வழியிலயே, "நீ மட்டும் போ"ன்னு சொல்லித் திரும்பிட்டாரு. நான் போனேன். பாட்டுப் பாட வாய் வரல.

இப்ப நான் என்ன வேலை செய்றேன்னு சொல்றேன். அப்பத்தான் என் வேதனை உங்களுக்குப் புரியும்.

ஷா ஆலம்ல ஒரு சின்ன மருந்து ஆய்வுக்கூடத்துல நான் இருக்கேன். காட்டு மரம் ஒன்னோட பட்டையைக் கீறினா சிவப்பா ஒரு பால் வடியும். அதைச் சுத்தம் செஞ்சு, காய வைச்சு, மாத்திரையாக்கி, புற்றுநோய் மருந்து சாப்பிடறவங்களுக்கு வர்ற வயித்துப்போக்கை நிறுத்தறதுக்காக ஒரு மருந்து தயாரிச்சுக்கிட்டு இருந்தோம். பாசார்ல விக்கிற பொடி மாதிரி இல்ல. டாக்டர் சீட்டு எழுதினாத்தான் கிடைக்கணும், அந்த அளவுக்குச் சோதிச்சு வரணும்னு எங்க தலைவி ரோஸ்னா, நாங்க மரியாதையா 'புவான்'னு கூப்பிடறவங்க, பிடிவாதமா இருந்தாங்க. ஒவ்வொரு தொகுதி மாத்திரையிலயும் கிருமியோ பூஞ்சையோ இருக்கான்னு பார்த்துச் சொல்றது என் வேலை.

யோசிச்சுப் பாருங்க. நான் கையில வச்சிருக்கிற மருந்து என் புருஷனுக்கு வந்திருக்கிற அதே கஷ்டத்துக்கு. ஆனா கொடுக்க முடியாது. மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற கட்டம் இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சாலும் அங்க வேலை செய்றவங்க குடும்பத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி. சபையில ஒரு அக்கா என்கிட்ட, "மரத்துப் பால்தானே எஸ்தர், கெமிக்கலா என்ன? ரெண்டு எடுத்துக் குடு லா"ன்னு சொன்னாங்க. தப்பா நினைச்சுச் சொல்லல. என் மேல இருந்த பாசத்துல சொன்னாங்க. அந்த வார்த்தை எனக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு.

அவரு மாத்திரையை நிறுத்தறேன்னு சொன்ன மறுநாள், நான் திருடினேன்.

சபைக்கு முன்னால இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. ஆனா மழுப்பிச் சொன்னா சாட்சி ஆகாது. புதுசா வந்த தொகுதியில இருந்து ஒரு குப்பி. மஞ்சள் லேபிள் ஒட்டியிருந்துச்சு. சோதனை முடியல, யாரும் தொடக் கூடாதுன்னு அர்த்தம். அந்தச் சோதனையைச் செய்யவேண்டியவளே நான்தான். அன்னைக்குக் காலையிலதான் கிருமி வளருதான்னு பார்க்கிற கண்ணாடித் தட்டுல போட்டு வச்சிருந்தேன். முடிவு தெரிய அஞ்சு நாள் ஆகும். எனக்கு அஞ்சு நாள் பொறுமை இல்ல. கைப்பையில போட்டுக்கிட்டு ரயில் ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்து, தட்டுல ஒரு மாத்திரையும் ஒரு கிளாஸ் வெந்நீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்க வீட்டுல ஒரு பழக்கம். எந்த மருந்தா இருந்தாலும் கையில வச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் அவரு சாப்பிடுவாரு. அன்னைக்கு அவருக்குப் பேசக்கூடத் தெம்பு இல்ல.

"நீயே ஜெபம் பண்ணிக் குடு, எஸ்தர்"னாரு.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த மருந்தை..."ன்னு ஆரம்பிச்சேன்.

அதுக்கு மேல வரல. எத்தனை கூட்டத்துல எத்தனை பேருக்கு ஜெபம் பண்ணியிருக்கேன். என் புருஷனுக்கு ஒரு வரி வரல. 'ஆசீர்வதியும்'னு சொல்லணும், அவ்வளவுதான். நாக்கு மேல ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு.

"என்ன?"ன்னு கேட்டாரு. அப்புறம் மாத்திரையைத் திருப்பிப் பார்த்தாரு. "இது எந்த டாக்டர் குடுத்தாரு?"

நான் அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன்.

அவரு திட்டுவாருன்னு நினைச்சேன். மாத்திரையைத் தட்டுலயே வச்சுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எலும்புதான் இருந்துச்சு அந்தக் கையில. "நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடு. என் மாத்திரைய நான் நிறுத்தல. இன்னும் கொஞ்ச நாள் தாங்கிக்கிறேன். நீ எனக்காகக் கெட்டுப்போக வேணாம்"னாரு.

அப்ப ரெண்டு பேரும் ஜெபம் பண்ணோம். அழகான ஜெபமெல்லாம் இல்ல. "எங்களுக்கு வழி தெரியல. நீங்களே காட்டுங்க"ன்னு மட்டும் கேட்டோம்.

மறுநாள் காலையில புவான் ரோஸ்னா அறைக்குப் போய்க் குப்பியை மேசையில வச்சேன். வேலை போயிடும்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். அவங்க குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. நாங்க மலாய்லதான் பேசிக்குவோம்.

"சாப்பிட்டாரா?"

"இல்ல, புவான்."

மூச்சை விட்டாங்க. "எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தே ஆகணும். அதை நான் மறைக்க மாட்டேன்"னு சொன்னாங்க. நான் தலையாட்டினேன். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால தள்ளினாங்க. நோயாளிங்ககிட்ட கேக்கறதுக்காக நாங்களே தயார் பண்ணி வச்சிருந்த கேள்வித்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க, ராத்திரியில எழுந்திரிக்கிறீங்களா, தலை சுத்துதா, கால் இழுத்துப் பிடிக்குதா.

"இதை உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா, எஸ்தர்? அவரோட டாக்டருக்கு இதெல்லாம் தெரியுமா?"

நான் கேக்கல. எத்தனையோ நோயாளிங்களுக்காக அந்தத் தாளைத் திருத்தித் திருத்தி எழுதினவ, வீட்டுல இருந்த ஒருத்தர்கிட்ட கேக்கல. அவரு ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட "வயிறு கொஞ்சம் சரியில்ல, ஓகே லா"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்திருக்காரு. வெட்கம்.

அன்னைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியா கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டே பதில் சொன்னாரு. ஒன்னு விடாம எழுதிக்கிட்டேன். மறுநாள் அந்தத் தாளோட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படிச்சுட்டு நிமிர்ந்து, "அங்கிள், ஏன் இதை முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டாரு. உடனே இரத்தம் எடுத்தாங்க. உடம்புல உப்புச்சத்து ரொம்ப இறங்கியிருந்துச்சு. இதயத் துடிப்பே தாறுமாறாப் போகிற அளவுக்கு வந்திருக்குன்னாங்க. அங்கேயே படுக்க வச்சாங்க. புற்றுநோய் மாத்திரையைச் சில நாள் அவங்களே நிறுத்தினாங்க, உப்புத் தண்ணி ஏத்தினாங்க, அப்புறம் அளவைக் குறைச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. வயித்துக்கும் வழக்கமான மருந்து கொடுத்தாங்க. நாங்க கேட்ட வழி அதுதான். இத்தனை நாளும் திறந்தே இருந்த வழி.

அவரு ஆஸ்பத்திரியில இருக்கும்போதே என் அஞ்சு நாள் முடிஞ்சுது. ஆய்வுக்கூடத்துல அந்தக் கண்ணாடித் தட்டை எடுத்து வெளிச்சத்துல பார்த்தேன். பச்சையும் கறுப்புமா பஞ்சு மாதிரி பூஞ்சை. தட்டு முழுக்க. அந்தத் தொகுதி முழுக்கக் கெட்டுப்போயிருந்துச்சு. வயிறு புண்ணா, உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லாம இருந்த மனுஷனுக்கு அதைத்தான் நான் வெந்நீரோட நீட்டியிருக்கேன்.

கையில தட்டோட அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். என் நாக்கைக் கட்டினது யாருன்னு எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

புவான் ரோஸ்னா வந்து பக்கத்துல நின்னாங்க. தட்டைப் பார்த்தாங்க. "அல்ஹம்துலில்லா"ன்னாங்க. நான் "அல்லேலூயா"ன்னேன். ரெண்டு பேரும் அழுதோம்.

அந்தத் தொகுதியை அழிச்சோம். தப்பு எங்க நடந்துச்சுன்னு தேடினோம். காட்டுல இருந்து பால் வர்ற வழியில, ஈரத்தோட மூடி வச்ச பாத்திரத்துலயே பூஞ்சை பிடிச்சிருக்கு. எடுத்த அன்னைக்கே அங்கேயே காய வைக்க ஏற்பாடு பண்ணோம். பாத்திரத்தை மாத்தினோம். தினமும் காலையில வேலை ஆரம்பிக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடுவேன். "இதைச் சாப்பிடப்போறவங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்"னு சொல்லுவேன். அடுத்தடுத்து வந்த தொகுதியெல்லாம் சுத்தமா வந்துச்சு. அப்புறம் ஆஸ்பத்திரிகள்ல சோதனை, மருந்து வாரியத்தோட கேள்வி மேல கேள்வி, வருஷக்கணக்கா காத்திருப்பு. ஒவ்வொன்னா தாண்டினோம். போன வருஷம் மருந்துக்கு அனுமதி கிடைச்சுது.

தெளிவா சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. அது புற்றுநோயைக் குணமாக்கற மருந்து இல்ல. மாத்திரையால வர்ற வயித்துப்போக்கைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். ஆனா அந்த 'அவ்வளவு' எவ்வளவு பெரிசுன்னு எங்க வீட்டுக்குத் தெரியும்.

தேவராஜ் இன்னைக்கும் உயிரோட இருக்காரு. நோய் அடங்கியே இருக்கு. குறைச்ச அளவுலயும் வயிறு அப்பப்பத் தொல்லை கொடுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. தீபாவளி லீவுக்கு முந்தின வாரம் அவரோட டாக்டர், நான் ஒரு வார்த்தையும் கேக்காமலே, எங்க மருந்தைச் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. ஆஸ்பத்திரி மருந்தகத்துல வரிசையில நின்னு, நம்பர் கூப்பிட்டதும் போய் வாங்கினோம். அன்னைக்கு நான் ஜெபம் பண்ணேன். முழுசா, சத்தமா, நிறுத்தாம. அவருதான், "போதும், தண்ணி ஆறிடும்"னாரு.

போன மாசம் சுங்கை பூலோவுல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணாங்க. மூணாவது தடவை கீமோ முடிஞ்ச அவங்க அம்மாவுக்கு வயித்துப்போக்கு நிக்கல, "சீட்டு இல்லாம ரெண்டு அட்டை எடுத்துத் தர முடியுமா, ஆன்டி?"ன்னு கேட்டாங்க. அவங்க அழுகை எனக்குப் பழக்கமான அழுகை. "தர மாட்டேன்மா. ஆனா நாளைக்குக் காலையில நானும் உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரேன்"னு சொன்னேன். போனேன். அந்த அம்மா வெட்கப்பட்டு மறைச்சதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்ல வச்சேன். வீட்டுக்குத் திரும்பும்போது கார்ல மூணு பேரும் கை கோத்து ஜெபம் பண்ணோம்.

அன்பானவங்களே, இங்கேயும் யாரோ ஒருத்தர் எதையோ மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. உடம்புல இருக்கிறதா இருக்கலாம், கைப்பையில இருக்கிறதா இருக்கலாம். ஆண்டவர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னது என் வாயை அடைச்சு. உங்களுக்கு எப்படிச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. சொல்லுவாருன்னு மட்டும் நிச்சயமா தெரியும்.