செவலை குரைக்காத ஆள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் தனியாகக் குடியிருந்தேன். நாளிதழ் நிருபர் வேலை. பகலில் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் செய்திக்காகப் பேசுகிறவர்கள். இரவில் அவர்களும் கிடையாது. எழுபதுகளின் தொடக்கம். மேடைகளில் இது ஏழைகளின் ஆட்சி என்று முழங்கினார்கள். வயல்களில் அறுவடைக் கூலிக்குச் சண்டை நடந்தது.

திருப்பனந்தாளுக்கு அப்பால் ஒரு சிற்றூர். கூலி கூட்டிக் கேட்டவர்களைக் குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிரட்டுவதாகத் தகவல் வந்தது. பதினோரு குடிசைகள். அவை நின்ற மண் மிராசுதாருடையது. நான் எங்கே போகிறேன் என்று கேட்ட பேருந்து நடத்துநர் சிரித்தார்.

"அங்க ஒரு நாய் இருக்கு சார். ஓடத் தெரிஞ்சா எறங்குங்க."

நிறுத்தத்து டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தபோது, காது கிழிந்த ஒரு செவலை நாய் எதிரில் வந்து உட்கார்ந்தது. பாதியைப் போட்டேன். நடத்துநர் சொன்னது இதைத்தான் என்று அப்போது தெரியாது. வாய்க்கால் கரையில் நான் நடக்க, அதுவும் கூடவே வந்தது.

தெருமுனையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மப்டியில வந்த போலீசுக்காரன் தொடையக் கிழிச்சுது. பண்ணையோட காரியக்காரரு இந்தப் பக்கமே வர்றதில்ல. இவர மட்டும் கூட்டிக்கிட்டு வருதே!"

"மாப்பிள்ள அழைப்புல்ல நடக்குது" என்றாள் இன்னொருத்தி.

மதகை ஒட்டிய கடைசிக் குடிசைக்காரர்தான் நாயை வளர்த்தவர். கோரைப்பாயை விரித்தார். "மனுசனுக்கு மனுசன் ஏமாந்துடலாங்க. அதுக்கு ஆளு தெரியும். உக்காருங்க."

பன்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் செய்தி வேண்டியிருந்தது. அதோடு, என்னை நல்லவன் என்று யாராவது சொல்லிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெளியூர் ஆட்களைப் பண்ணை லாரியில் கொண்டுவந்து இறக்கியது; கூலியைப் பற்றி இனிப் பேசினால் கூரையைப் பிரித்துவிடுவதாகக் களத்துமேட்டில் வைத்து மிராசுதாரின் காரியக்காரர் சொல்லிவிட்டுப் போனது. முடிவில் என் பேனாவைப் பார்த்தார்.

"பேரு மட்டும் வேண்டாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. இந்த எடத்த விட்டாப் போக்கிடம் இல்ல."

"போட மாட்டேன்" என்றேன். போடவில்லை.

பெயர் இல்லாத இடத்தை நான் பார்த்ததைக் கொண்டு நிரப்பினேன். மதகை ஒட்டிய குடிசை. இரண்டு பெண்களின் தகப்பன். வாசலில் காது கிழிந்த செவலை நாய். கண்ணால் கண்ட விவரம்தான் செய்திக்கு உயிர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அந்த நாய் பிரமாதம்யா" என்று துணையாசிரியர் தொலைபேசியில் பாராட்டினார்.

அந்த ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். நாய் வந்த வரியில் படித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டாராம். காரியக்காரரும் டம்ளரோடு அங்கே நின்றிருந்தார். மூன்றாம் நாள் மதகோரத்துக் குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள்.

இதையெல்லாம் அந்தக் குடிசைக்காரரே சொன்னார். கும்பகோணம் வெற்றிலை மண்டியில் கூடை தூக்கிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"உங்க மேல வருத்தம் இல்லீங்க. சொன்னபடி பேரு போடல. நாயி ஆள் தெரியாமலா இருக்கும்?" சற்று நின்று, "அது எங்ககூட வரமாட்டேன்னு அங்கயே கெடக்குது. நான் போனா கால ஒடிச்சிடுவானுங்க. சின்னவ சோறு தின்ன மாட்டேங்குறா. உங்ககூடன்னா வந்துடும். கொண்டாந்து விட்டுடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூரையில்லாத மண்சுவர்களுக்கு நடுவில் படுத்திருந்தது. என்னைக் கண்டு வாலாட்டியது. கூப்பிட்டேன், மதகுவரை வந்து திரும்பிவிட்டது. மூன்று தடவையும் அப்படித்தான். தெருவில் யாரும் வெளியே வரவில்லை. முதல் நாள் கேலி பேசிய பெண் மட்டும் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது வாயில்லா ஜீவன் சார், வாலாட்டும். எங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள். அடுத்த பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மண்டிக்குப் போய், நாய் வரவில்லை என்று சொன்னேன். அவர் தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை.

"உங்ககூடயுமா வரல?" என்று கேட்டுவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.