வேகம் கொடுத்தால்தான் திரும்பும்

அந்தப் படகுத்துறையில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் இருந்ததோடு சரி. ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் மோட்டார் படகு அவருடையது. எதிரே ஒரு வாத்து நீந்தினாலும் வேகப் பிடியைக் கீழே இறக்கிவிடுவார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"அண்ணே, அதுக்கு அக்கரையில என்ன வேலைன்னு கேட்டுட்டே போங்க" என்று ஒருவர் சொல்ல, படகே சிரித்தது. அவரும் சிரிக்கிறாற்போல முகத்தை வைத்துக்கொண்டார். பிடியை மட்டும் ஏற்றவில்லை.

காரணம் இருந்தது. அவர் மனைவியின் தம்பிதான் படகில் கயிறு கட்டுகிறவன். ஒரு மழை நாளில் படியில் வழுக்கி, படகின் பின்பக்கம் தண்ணீரில் விழுந்துவிட்டான். அடியில் சுழன்றுகொண்டிருந்த விசிறி அவன் இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. யார் மேலும் தப்பில்லை. மச்சானே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்புக் கடையில் விரலுக்கு இவ்வளவு என்று தள்ளுபடி கேட்டதாகச் சொல்லிச் சிரிப்பான். நிதானத்துக்குத்தான் அன்றிலிருந்து எதிரே எது வந்தாலும் கை தானாகப் பிடியை இறக்கிவிடும். தினமும் என்ஜினைக் கிளப்புமுன் கண்ணை மூடி, என் கையால் இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று கடவுளை வேண்டிக்கொள்வார். அதற்கு மேல் எதையும் கேட்டதில்லை.

அவருடைய மருமகன் லேத் பட்டறை வைத்திருப்பவன். மச்சானின் காலைப் பார்த்துப் பார்த்து அவனுக்குள் ஒரு யோசனை ஊறிக்கொண்டிருந்தது. விசிறி வெளியே இருப்பதால்தானே வெட்டுகிறது? அதைக் குழாய்க்குள் அடைத்துவிட்டால் என்ன?

அப்படியே செய்தும் விட்டான். படகின் அடியில் கம்பி வலை போட்ட ஒரு வாய். அதன் வழியே உறிஞ்சிய தண்ணீரை உள்ளே சுழலும் விசிறி அழுத்தி, பின்பக்கம் குறுகலான மூக்கு வழியே பீய்ச்சியடிக்கும். ஊதின பலூனை வாய் கட்டாமல் விட்டால் பாய்கிறதே, அதுபோலப் படகு முன்னே பாயும். மூக்கைத் திருப்பினால் படகும் திரும்பும். புகைக்குழாயிலும் தண்ணீரைக் கலந்துவிட்டு, இரைச்சலையும் அடக்கிவிட்டான். இந்த மாதிரிப் படகுகள் உலகத்தில் ஏற்கெனவே உண்டுதான். ஒரு பழைய லாரி என்ஜினை வைத்துக்கொண்டு அதைச் செய்ததுதான் அவன் சாமர்த்தியம்.

"மாமா, ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க" என்றான். "தண்ணி பீச்சினாத்தான் படகு திரும்பும். பிடியை இறக்கிட்டீங்கன்னா, சக்கரத்தை எந்தப் பக்கம் சுத்தினாலும் அது நேராத்தான் போகும். எதிர்ல ஏதாவது வந்தா வேகம் குடுத்துத் திருப்பணும்."

நிதானம் தலையாட்டினார். தலைக்குப் புரிந்துவிட்டது. கைக்கு யார் சொல்வது?

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் செம்பைப் பிடி மாதிரி முன்னே தள்ளித் தள்ளிப் பார்ப்பார். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செம்பு உங்களை என்ன பண்ணிச்சு? குடிக்கிறதுன்னா குடிங்க" என்றாள். பயமாயிருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். எப்படிச் சொல்வது? மகள் தெரு முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையோ சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. போதாக்குறைக்கு இரைச்சலும் போய்விட்டது. என்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தை அறிந்தவருக்கு இப்போது காதை அடைத்துக்கொண்டு நடப்பது போலிருந்தது.

நீர்ப் போக்குவரத்து அதிகாரி சோதனைக்கு வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்களை ஏற்றலாம். அன்றைக்கு ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். பின்னால் என்ஜின் பக்கத்தில் மருமகன், முன்னால் கயிற்றோடு மச்சான், நடுவில் அதிகாரி. படகு வெண்ணெயில் இறங்கிய கத்தி போலப் போனது. அதிகாரி இரண்டு தடவை பேஷ் என்றார்.

அக்கரை நெருங்கும்போது, நின்றிருந்த ஒரு மணல் படகின் மறைவிலிருந்து பால்காரம்மாவின் சின்னத் துடுப்புப் படகு குறுக்கே வந்துவிட்டது.

நிதானத்தின் கை பிடியை இறக்கிவிட்டது. அவர் இறக்கவில்லை, கை இறக்கியது. சக்கரத்தைச் சுற்றினார். அது காற்றைச் சுற்றுவது போல் சுற்றியது. படகு நேராகப் போனது. பால்காரம்மா துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். "மாமா, குடுங்க, குடுங்க" என்று பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது. ஒரு மனுஷியை நோக்கிப் போகும்போது வேகத்தைக் கூட்டுவதா? கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, பிடியை முழுக்க முன்னே தள்ளினார்.

பின்னால் தண்ணீர் சீறியது. படகு முதுகை வளைத்துக்கொண்டு ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போனது. துடுப்புப் படகு தொட்டில் மாதிரி ஆடி, பால் கேன் ஒன்று கவிழ்ந்தது. பால்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வந்ததும் நிதானத்தின் மூன்று தலைமுறையையும் கரைக்குக் கேட்கும்படி விசாரித்தாள். அவ்வளவு திட்டையும் அவர் பிரசாதம் போல வாங்கிக்கொண்டார். திட்டுவதற்கு அவள் உயிரோடு இருக்கிறாளே.

அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அனுபவம் என்றால் இதுதான் என்று பாராட்டி, பேனாவை எடுத்தார். மருமகன் முகம் பூரித்தது.

"சார், போடாதீங்க" என்றார் நிதானம். "அது அனுபவம் இல்ல. நான் பிடியை இறக்கிட்டேன். இறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் இறக்கினேன். இன்னிக்கு கை கடைசியில பேச்சு கேட்டுச்சு. நாளைக்குக் கேக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று இறங்கிப் போனார். மருமகன் "ஒரே ஒரு கையெழுத்து, மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அதன்பின் மகளிடமிருந்து போன் வரவில்லை. நல்லதுதான் செய்தோமா, அல்லது பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமா என்று நிதானம் கிடந்து தவித்தார். மச்சான்தான் இரண்டு வீட்டுக்கும் நடந்தான். "உங்களுக்குப் பயம், அவனுக்குக் கோவம். ரெண்டு பேரும் சாப்பிடாம இருக்கீங்க. எனக்கு ரெண்டு வீட்லயும் சாப்பாடு. இப்படியே இருங்க அத்தான், அவசரமில்ல" என்றான்.

ஒரு காலையில் மருமகனே வந்தான். கையில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தகடுகள்.

"உங்க கையைத் திருத்த முடியாது மாமா. அதான் படகைத் திருத்தலாம்னு" என்றான். மூக்கோடு சேர்ந்து திரும்புகிற மாதிரி அவற்றை இரண்டு பக்கமும் பொருத்தினால், பீய்ச்சல் நின்றாலும் ஓடுகிற தண்ணீர் அவற்றில் மோதிப் படகைத் திருப்பும். பழையபடி வெட்டுமோ என்று நிதானத்தின் முகம் மாறியதைப் பார்த்து, மச்சான் தகட்டை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினான். விளிம்பெல்லாம் உருட்டி, வழவழவென்று இருந்தது.

மறுபடி அதிகாரி வந்தார். நடு ஆற்றில் ஒரு காலிப் பீப்பாயை மிதக்கவிட்டார்கள். நிதானம் அதை நோக்கி ஓட்டி, பக்கத்தில் போனதும் பிடியை முழுக்க இறக்கினார். சக்கரத்தை இடது பக்கம் சுற்றினார். சக்கரத்தில் மெல்ல ஒரு கனம் ஏறியது. படகு அரை மனதாக, எழுப்பிவிட்ட பிள்ளை புரண்டு படுப்பது போல, இடது பக்கம் ஒதுங்கியது. பீப்பாய் ஒரு முழம் தள்ளி நகர்ந்து போனது.

போதும் என்றார் அதிகாரி. நிதானத்துக்குப் போதவில்லை. இன்னொரு தடவை என்றார். பிறகு இன்னொன்று. அதிகாரி கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை நீட்டியபோதுகூட அவர் வாங்கவில்லை. மருமகன்தான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து வாங்கினான்.

"வெயில் படாம இந்தப் பக்கம் உட்காருங்க சார்" என்றார் நிதானம், பீப்பாயை நோக்கிப் படகை மறுபடியும் திருப்பிக்கொண்டு. "வலது பக்கம் இன்னும் பார்க்கலையே."