டிரைவர் பேச்சை நம்பிய ஏஐயும் ஜேடர்பாளையத்துக் காதுகுத்தும்

எடப்பாடியில் எனக்குத் துண்டு வியாபாரம். ஏஐ வைத்தால் தொழில் தானாக நடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லி என்னைக் குழப்பிவிட்டார்கள். அதை நிஜமாகவே வைத்து வேலை வாங்கும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். என் சரக்கை ஏற்றும் திருச்செங்கோட்டு லாரி ஆபீஸ்தான் அது. நடத்துபவர் தேன்மொழி. "ஞாயித்துக்கிழமை என்ற பொண்ணுக்குக் காதுகுத்துங்க, இருந்து சாப்ட்டுட்டுத்தான் போகோணும்" என்று சொல்லியிருந்தார். சாப்பாடு என்றால் நான் மறுப்பதில்லை.

காலை ஒன்பது மணி பஸ். சங்ககிரி வழியாக ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சங்ககிரிக் கோட்டையையும் திருச்செங்கோட்டு மலையையும் செலவில்லாமல் பார்க்கலாம்.

ஆபீசில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு போன், பக்கத்தில் முறுக்குத் தட்டு. டிரைவர்கள் பேசி அனுப்புவதை ஏஐ கேட்டு, வண்டி எப்போது வரும் என்று சரக்குக்காரருக்குச் செய்தி அனுப்பிவிடும்.

ஆனால் முதல் மாதம் பட்ட பாடு! நம் டிரைவர்கள் ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் "பக்கத்துல வந்துட்டேங்க" என்றுதான் சொல்வார்கள். காத்திருப்பவர் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை. தேன்மொழி அதில் பாதியைக் கழித்துக் கேட்டே பழகியவர். ஏஐ அப்படியே நம்பிவிட்டது. அரை மணியில் வண்டி வரும் என்று எனக்கே செய்தி வந்து, லோடுமேன் நாலு பேரோடு மத்தியானம் முழுக்க ரோட்டைப் பார்த்து நின்றேன். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இதயே தூக்கிப் போட்டர்லாம்னுதானுங்க இருந்தேன். அப்புறந்தான் தோணுச்சு, நாம கேட்ட கேள்வியே தப்புன்னு" என்றார் தேன்மொழி.

இப்போதெல்லாம், எங்கே இருக்கிறீர்கள் என்று எந்த டிரைவரையும் கேட்பதில்லை. கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது, எத்தனை மணிக்கு? அவ்வளவுதான். மீதித் தூரத்தை ஏஐ கணக்குப் போட்டுக்கொள்ளும். ஜிபிஎஸ் வைக்கலாமே என்றேன். வேவு பார்ப்பதாக டிரைவர்கள் கோபித்துக்கொள்கிறார்களாம்.

மறுநாள் ஜேடர்பாளையம். திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அணைக்குப் பக்கத்துக் கோயிலில் சொந்தபந்தம் கூடியிருந்தது. முகூர்த்தம் பதினொரு மணி வரை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் மட்டும் இல்லை. தேன்மொழியின் தம்பி செந்திலும் அதே ஆபீசில் லாரி டிரைவர்தான். கிருஷ்ணகிரியில் லோடு இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். ஒன்பதரைக்கு அவரிடமிருந்து போன். "வந்துட்டேன்க்கா, பத்தே நிமிசம்." கேட்ட ஒருவரும் நம்பவில்லை.

"உன்ற பெரியப்பன் பையன் மடியில உக்கார வெச்சர்லாம் சாமி, நேரம் போயிரும்" என்றார் தேன்மொழியின் மாமனார். அப்படிச் செய்தால் செந்தில் ஆயுசுக்கும் மறக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தேன்மொழி போனைப் பார்த்தார். "ஒம்பதேகாலுக்குச் சங்ககிரி பக்கத்துல வைகுந்தம் டோல்கேட் தாண்டியிருக்கானுங்க மாமா. பத்து நாப்பதுக்கு வந்துருவான்னு இது சொல்லுது. அதுவரைக்கும் இருக்கலாமுங்க."

"அது ஆபீசுக்குச் சரி" என்று மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாற்பது ஆயிற்று. லாரி வரவில்லை. காது குத்தும் ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டே வாட்சைப் பார்த்தார். பத்து ஐம்பதுக்கு ரோட்டில் ஏர் ஹார்ன் சத்தம். செந்தில் குதித்து இறங்கி, முகம் கழுவி, வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரு டீக்கு நிறுத்துனேன்க்கா."

"அந்த டீயையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துரோணும்" என்றார் தேன்மொழி. மாமனாரே சிரித்துவிட்டார். கம்பி இறங்கியதும் குழந்தை வீரிட்டது. செந்தில் அதைவிடச் சத்தமாக அழுதார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஜேடர்பாளையத்தில் ஞாயிறு கூட்டம் அதிகம், திரும்பும் பஸ்ஸை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அணைப் பக்கம் மீன் வறுவலை விடாதீர்கள். ஏஐ வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் ஆபீசில் எந்தெந்தப் பேச்சைக் கழித்துக் கேட்கிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். அது ஏஐக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் கேள்வியை மாற்ற வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தியில் எனக்கு எதிரே செந்தில். பாதிச் சாப்பாட்டில் ஈரோட்டுச் சரக்குக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. செந்தில் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தார்.

"ஜேடர்பாளையத்துல இருக்கேனுங்க. அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. நாளைக்குத்தான் வருவேன்."

தேன்மொழி வந்து அவர் இலையில் இன்னொரு லட்டு வைத்தார்.