துரும்பு கொடுத்த வழக்கு

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது பிறத்தியார் வீட்டுச் சண்டையை அழகான கையெழுத்தில் எழுதித் தருகிற வேலை.

நிலத் தகராறு என்றால் எழுதி முடித்ததும் மறந்துவிடலாம். புருஷன் பெண்சாதி வழக்கில் அது முடியாது. இரண்டு கட்சியும் கோர்ட்டு வளாகத்தில் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதுரைக் கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்காவது காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அலைந்த அப்படி ஒரு வழக்கைப் பற்றித்தான் இந்தத் துணுக்குகள்.

பிராதில் எழுதிய பிரியம்

பேச்சி சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவள். இடுப்பில் கைக்குழந்தையும் மடியில் சம்மனுமாகக் காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். கூட வந்த கருப்பையா அவளுடைய இரண்டாவது புருஷன். சம்மன் அனுப்பியவன் கப்பலூர் சின்னமாயன், முதல் புருஷன். அவன் இவளை உறவு தீர்த்துவிட்ட பிறகு இரண்டு பேருமே வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். சின்னமாயனுக்கு வாய்த்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு சின்னப் பெண்குழந்தையும் ஆக்கிப்போட ஆளில்லாத அடுப்பும் மிஞ்சின. பழைய பெண்சாதியைக் கோர்ட்டு மூலமாகத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். தீர்த்ததே கிடையாது, பேச்சி இன்னும் என் மனைவிதான், என்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று வழக்கு.

சம்மனோடு வந்த அவனுடைய பிராதை நான் வாசித்துக் காட்டினேன். இந்த மாதிரி வழக்குகளுக்கு மதுரையில் ஒரே வாசகம்தான் புழக்கத்தில் இருந்தது. எதிர்க்கட்சிக் குமாஸ்தாவும் நானும் ஒரே பழைய நகலைப் பார்த்து எழுதுகிறவர்கள். வாதி பிரதிவாதியின் மேல் அளவற்ற பிரியம் கொண்டவர். அவள் பிரிவால் ஊணும் உறக்கமும் இன்றி வருந்துகிறவர். அவளுடைய இனிய துணையை நாடி நிற்கிறவர். பேச்சி தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டாள். பிறகு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

“இம்புட்டுப் பேச்சு இருந்திருக்கு அந்த மனுசன்கிட்ட. கூட இருந்தப்ப ஒண்ணு ரெண்டு பேசியிருக்கலாம்ல ஐயா?”

ஸ்டாம்பு

தீர்த்துவிட்டதற்கு என்ன அத்தாட்சி என்று எங்கள் வக்கீல் கேட்டார். எழுத்து உண்டா, கையெழுத்து உண்டா? பேச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. துரும்பு கொடுத்தாரே என்றாள். மதுரைக்கு மேற்கே அவர்கள் ஜனங்களில் அதுதான் முறை. புருஷன் பெரியவர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்சாதி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொள்வாள். அதோடு இரண்டு பேருக்கும் விடுதலை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சட்டமும் இதை ஒப்புக்கொள்ளும், நிரூபித்தால்.

மறு வாய்தாவுக்கு வரும்போது அவள் ஒரு மூங்கில் குழாய் கொண்டுவந்தாள். வாயில் துணி அடைத்திருந்தது. உள்ளே அந்தத் துரும்பு, நிறம் மங்கி, ஒரு நுனி மடிந்து. அவளுடைய அப்பா கூரையில் செருகிவைத்துவிட்டுச் செத்துப்போனாராம். எந்த வைக்கோல் போரிலும் உருவக்கூடிய ஒன்றை அத்தாட்சி என்று எப்படிக் காட்டுவது என்று வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். வேறொன்றும் இல்லாததால் தாக்கல் செய்யச் சொன்னார். கோர்ட்டு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன்யா, ஸ்டாம்பை இதுல எந்தப் பக்கம் ஒட்டுவே?”

சாட்சி தேடி

துரும்பு பேசாது, பேசுகிற சாட்சி வேண்டும். கொடுத்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், எங்கே என்று தெரியவில்லை. மிஞ்சியவர் சின்னமாயனின் சித்தப்பா மொக்கையன். வக்கீல் என்னைக் கப்பலூருக்கு அனுப்பினார்.

மொக்கையன் என்னை நன்றாகவே நடத்தினார். கட்டிலைத் தட்டிப் போட்டார், மோர் கொடுத்தார். துரும்பு கொடுத்தது உண்மையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோர்ட்டுக்கு வரச் சொல்லி சம்மன் வரும் என்றேன். அவர் எழுந்து தொழுவத்துப் பக்கம் நடந்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“கூண்டுல ஏறுனா அண்ணன் மகனைக் காட்டிக்குடுக்கணும், இல்ல சாமியைக் காட்டிக்குடுக்கணும். நான் ரெண்டுக்கும் ஆகாதவன், அன்னைக்கு எங்கிட்டாவது மாடு பத்திட்டுப் போயிருவேன்.”

சொன்னபடியே செய்தார். சம்மன் கொண்டுபோன சேவகன் ஆளைக் காணாமல் மூன்று தரம் திரும்பி வந்தான்.

மரத்தடி

வாய்தாக்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வழக்கை விசாரிக்கிற முன்சீப் லீவு. ஒரு நாள் எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பல்வலி. ஒரு நாள் எங்கள் வழக்கைக் கூப்பிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சின்னமாயனும் தன் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வருவான், விட்டுவர வீட்டில் ஆள் இல்லை. அது வெயிலில் சிணுங்கும். அவனுக்கு அதைச் சமாதானப்படுத்தத் தெரியாது. முதல் இரண்டு வாய்தா பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாய்தாவில் எழுந்து போய், குழந்தையை வாங்கி வந்து, தூக்குவாளியைத் திறந்து ஊட்டினாள். சின்னமாயன் கொஞ்சம் தள்ளி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு குழந்தையைப் பிரதிவாதியிடம் கொடுத்ததற்காக அவனைத் தனியே அழைத்துக் கண்டித்தார்.

அதற்குள் எங்கள் வக்கீல் உள்ளதைச் சொல்லிவிட்டிருந்தார். தீர்த்ததை நிரூபிக்க முடியாவிட்டால் முதல் கல்யாணம்தான் செல்லும். இரண்டாவது செல்லாது. கருப்பையா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேசுகிறவன் அல்ல, கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியே பழகியவன். ஐயா என்று அழைத்துக்கொண்டிருந்தவன் அன்றைக்கு அண்ணே என்றான்.

“அவளை அங்கிட்டு அனுப்பச் சொல்லிட்டாங்கன்னா, எம்பிள்ளைய யாரு பிள்ளைன்னு எழுதுவாங்கண்ணே?”

பதிலை நான் பல வழக்குகளில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

கூண்டில்

விசாரணை அன்றைக்குச் சின்னமாயன் வெள்ளை வேட்டியில் வந்தான். சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் சொன்னான். தீர்க்கவில்லை, கோபித்துக்கொண்டு போனாள், பிரியமாய் இருந்தேன். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். துரும்பு கொடுத்தது உண்டா? இல்லை. பெரியவர்கள் கூடியது உண்டா? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் குரல் கொஞ்சம் இறங்கியது. அதை முன்சீப் எழுதிக்கொள்ள முடியாது. மரத்தடியில் கருப்பையா தன் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

வக்கீலிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. தாக்கலான எதையும் சாட்சியிடம் காட்டிக் கேட்பது வழக்கம் என்பதால், உட்காருவதற்கு முன் துரும்பையும் காட்டச் சொன்னார். டவாலி போட்ட சேவகன் அதை உள்ளங்கையில் வைத்துக் கூண்டருகே நீட்டினான். சின்னமாயன் ஓர் அடி பின்னால் நகர்ந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்கிப் பார்க்கச் சொன்னார் முன்சீப். அவன் தலையை ஆட்டினான். அவனுடைய வக்கீல், சும்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று சொல் என்று எழுந்து நின்று சொன்னார். கை முன்னால் வரவில்லை. ஏன் வாங்கமாட்டேன் என்கிறாய் என்று முன்சீப் கோபமில்லாமல்தான் கேட்டார். பொய் சொல்லக் கோர்ட்டு அவனைப் பழக்கிவிட்டிருந்தது. துரும்பை வாங்க யாரும் பழக்கவில்லை.

“குடுத்ததை எப்படிங்க சாமி திரும்ப வாங்குறது?”

முன்சீப் பேனாவை எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னான். அவனுடைய வக்கீல் வழக்குக் காகிதக் கட்டை மடித்துக் கட்டினார். எங்கள் வக்கீல் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் எதிர்பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நகல்

வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. அன்றைக்கு மரத்தடியில் சின்னமாயனின் குழந்தை பேச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விரல் விரலாக அவளேதான் பிரித்துவிட்டாள். சின்னமாயன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலூர்ப் பக்கம் நடந்தான். அவன் மறுபடி கல்யாணம் செய்தானா என்பது எனக்குத் தெரியாது.

தீர்ப்பு நகலை வாங்கிப் போகப் பேச்சியும் கருப்பையாவும் பிறகு ஒரு நாள் வந்தார்கள். எனக்கு ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவந்திருந்தார்கள். முத்திரை போட்ட நகலைக் கொடுத்து, இதை ஜாக்கிரதையாக வைத்துக்கொள், இனி இந்த உலகத்தில் யாரும் உன்னை எதுவும் கேட்க முடியாது என்று விளக்கினேன். அவள் அதை வாங்கி, திருப்பிப் பார்க்காமலேயே கருப்பையாவிடம் கொடுத்தாள். பிறகு காலி மூங்கில் குழாயை மடியிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

“தாளு அவருகிட்ட இருக்கட்டும்ணே. என் துரும்பை எப்பத் தருவாக?”

அதற்கும் ஒரு மனு எழுதித்தான் வாங்கிக் கொடுத்தேன். புருஷன் பெண்சாதி வழக்கில் கோர்ட்டு யாருக்கும் புதிதாக எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை, கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்குத்தான் நாங்கள் ஜெயிப்பது என்று பெயர் வைத்திருந்தோம்.