வானத்தில் ஒரு தண்டவாளம்

விமானத்தின் இடப்பக்க இறக்கையை லேசாகத் தூக்கி, அதன் அடியில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார் ரோண்டா. பிறகுதான் இடப்பக்கம் கால்வட்டம் திரும்புகிறார். நேராக்கி, வலப்பக்க இறக்கையைத் தூக்கி, அங்கேயும் ஒரு பார்வை. அப்புறம் வலப்பக்கம் கால்வட்டம். கீழே சோள வயல்கள், எங்கள் நெப்ராஸ்காவுக்கு வேறென்ன உண்டு? "மேல இல்ல, கீழ இல்ல, முன்னாடி இல்ல. யாருமே இல்ல கண்ணு, ஆரம்பிக்கலாம்" என்ற பிறகே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார்.

வேகம் செத்து விமானம் மூக்கைக் கவிழ்க்கும். அதை மீட்டெடுக்க வேண்டும், அதுதான் பயிற்சி. அந்த நேரம் பார்த்து அடியில் வேறு விமானம் வந்தால் இரண்டு வீட்டிலும் ஒப்பாரிதான். ஆகவே முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் விமானம் ஓட்டக் கற்க வருகிற இளவட்டங்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வேன். தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள். என் அம்மா வயதில் வந்து சேர்ந்த ரோண்டாவிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊரின் மஞ்சள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர் அவர். தண்டவாளம் வந்தால் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, பிள்ளைகளை அதட்டி வாயடைத்து, ரயில் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும், அது சட்டம். முதல் நாள் வானத்தில் நான் "சுற்றிப் பாருங்க" என்றதும் அவருடைய வலக்கை தானாகவே பேருந்தின் கதவுப் பிடியைத் தேடியது. கிடைத்தது என் முழங்கால். "உஷ்! சத்தம் போடாதீங்க கண்ணு" என்று எனக்கே அதட்டல் வேறு. ஐயோ, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது!

எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். மளிகைக் கடையில் தள்ளுவண்டியோடு முனை திரும்பும்போதும் இடம், வலம் பார்ப்பார். அடுப்பிலிருந்து இலவங்கப்பட்டை ரொட்டியை எடுத்துத் திரும்பும்போதும் அப்படியே. கணவர் டெல் சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் கொடுப்பார்: "சமையல்கட்டுல ஏதுடி விமானம்? ரொட்டி ஆறுது, கொண்டா."

அந்த டெல்லுக்காகத்தான் இத்தனையும். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மகள் இருப்பதோ மாநிலத்தின் மறுகோடியில், காரில் போனால் ஒரு பகல் முழுக்க, பறந்தால் இரண்டரை மணி நேரம். பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள், தாத்தா அவளைச் செல்போனில்தான் பார்த்திருக்கிறார். நானே விமானம் ஓட்டிக் கூட்டிப்போகிறேன் என்றார் ரோண்டா. "லைசென்ஸ் வாங்கு, ஏறுறேன். இல்லேன்னா அந்தப் பேச்சே எடுக்காத" என்றுவிட்டார் மனிதர்.

முதல் தேர்வில் ரோண்டா தோற்றார். தேர்வாளர் வாரன் டீக்குக்குச் சிரித்த முகம், கல் மனசு. வானத்தில் வைத்து, தான் பிடித்த மீன் கதையை எடுத்துவிட்டார். கவனம் சிதறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் ஊரில் தேவாலயத்தில் குறட்டை விடுவதைவிட மோசம். ரோண்டா மரியாதையாக "ம்ம்" கொட்டிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கத்தை மறந்தார், வேகத்தைக் குறைத்தார். மீன் கதை அங்கேயே நின்றது. "வலது பக்கம் யாரும்மா பாத்தது? நீங்களா, மீனா?"

இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. "பஸ்ஸுல பசங்க கத்தினா ஒரு அதட்டுல அடக்கிடுவேன் கண்ணு. அவர எப்படி அடக்குறது?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க ஓட்டுற வண்டியில ஏறினா எல்லாருமே பசங்கதான்" என்றேன்.

மறுதேர்வு முடிந்ததும் டீக் நேராக என்னிடம்தான் வந்தார். காப்பியை ஊற்றிக்கொள்ள முடியாத அளவுக்குச் சிரிப்பு. "இந்தத் தடவையும் மீனத்தான் எடுத்தேன். அந்தம்மா கையத் தூக்கி, 'வாய மூடுங்க கண்ணு, தண்டவாளம் வருது'ன்னு போட்டாங்க பாருங்க ஒரு அதட்டு! கப்சிப். இறங்குற வரைக்கும் நான் வாயே திறக்கல." பின்னாலேயே லைசென்ஸைக் கையில் பிடித்தபடி ரோண்டா வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்?

அந்தச் சனிக்கிழமை டெல் கைத்தடியோடு வந்தார். "சொன்ன சொல்லுக்காக ஏறுறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்க இருக்கையில் தன்னைத் திணித்துக்கொண்டார். பேத்திக்கு வாங்கிய துணிக்கரடி பின்சீட்டில், அதற்கும் பெல்ட். நான் பெட்ரோல் பம்ப் பக்கம் நின்று பார்த்தேன். ஓடுபாதையின் விளிம்பில் விமானம் நின்றது. ரோண்டாவின் தலை இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. புறப்படுவார் என்று நினைத்தேன். புறப்படவில்லை.

டெல்லின் பச்சைத் தொப்பி மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். பிறகு கண்ணாடியில் மூக்கு படுமளவுக்கு முன்னால் சாய்ந்து, விரலை நீட்டி எதையோ காட்டினார்.

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். பருந்து. அது சோளக்காட்டுக்கு அப்பால் போய் மறையும்வரை ரோண்டா விமானத்தை நகர்த்தவில்லை.