முப்பது பாவாடை, ஒரு ஃபோன், பொங்கல் வரைக்கும் டைம்

உள்பாவாடை விற்பது சுலபம் என்று நினைப்பவர்கள், அரக்குக்கும் மெரூனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஃபோனிலேயே ஒரு பெண்ணுக்குப் புரியவைத்துவிட்டு அப்புறம் வந்து பேசுங்கள். நான் அதைத்தான் விற்கிறேன். புடவைக்கு மேட்சிங் உள்பாவாடை, ஆன்லைனில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பிச்சாட்டூரிலிருந்து. கடை கிடையாது, போர்டு கிடையாது, வாட்ஸ்அப் மட்டும்தான். கையில் காசும் இல்லாமல், நேரமும் இல்லாமல், ஒரு ஃபோனை நம்பி இறங்கியிருக்கிற என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். அறிவுரை எதுவும் வராது. என்னிடம் இருந்தால் நானே உபயோகித்திருப்பேன்.

கெடு

இன்டர் முதல் வருடத்தோடு, உங்கள் கணக்கில் பிளஸ் ஒன்னோடு, காலேஜை விட்டேன். கணக்கு எனக்கு வரவில்லை, அதற்காக நான் அழவும் இல்லை. எங்கள் ஊரில் படிப்பை விட்ட பெண்ணுக்கு ஒரு வழி தயாராக இருக்கிறது. சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ். விடியற்காலை நாலே முக்காலுக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு கவிதா அக்கா மூன்று வருடமாக அதில் போகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே மாதிரி திருகாணியை முடுக்கும் வேலை. சம்பளம் ஒழுங்காக வருகிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளை எழுப்பினால் என்னைப் பார்த்தே "யாரு?" என்று கேட்பாள். எனக்கு அந்த பஸ் வேண்டாம். பெரிய லட்சியமெல்லாம் காரணம் இல்லை. எனக்குக் காலையில் எழ வராது.

அம்மாவிடம் ஒரு மாதம் சண்டை போட்டேன். ஆவணியில் கிடா விற்ற பணத்திலிருந்து நாலாயிரம் எடுத்து என் கையில் வைத்தாள். வைத்தவள் கையை உடனே எடுக்கவில்லை.

"தோ பாரு, பொங்கல் வரைக்கும் டைமு. அதுக்குள்ள ஓடலன்னா பாவாடையெல்லாம் மடிச்சு வச்சிட்டு கவிதா பக்கத்து சீட்டுல போய் குந்திக்கோ. வேற கிடா விக்கிறதுக்கு எங்கிட்ட கிடா இல்ல."

நீலத் தார்ப்பாய்

நகரியில் ஒரு தையல் யூனிட்டில் முப்பது பாவாடை வாங்கினேன். மிச்சப் பணம் கவருக்கும் தபாலுக்கும். வீட்டுக்கு முன்னால் நிழலுக்காக நைனா, அதாவது என் அப்பா, கட்டிவைத்த நீலத் தார்ப்பாய் இருக்கிறது. அதன் கீழே கொடி கட்டி, ஒவ்வொன்றாக மாட்டி, அழகாகப் படம் எடுத்துப் போட்டேன். முதல் வாரமே பதினொன்று போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் அதில் ஏழு திரும்பி வந்தது.

தார்ப்பாயின் நீலம் எல்லாவற்றின் மேலும் இறங்கியிருக்கிறது. மஞ்சள் பச்சையாகவும், ரோஸ் கத்தரிப்பூவாகவும் தெரிந்திருக்கிறது. வெயிலில் எடுத்துப் பார்த்தேன், மெரூன் சிவப்பாகிவிட்டது. சுவரோரம் எடுத்தேன், சிவப்பு மெரூனாகிவிட்டது. போன தபால் செலவும் என்னுடையது, வந்த செலவும் என்னுடையது. அம்பத்தூரிலிருந்து கிளிப்பச்சை கேட்டிருந்த ஒரு அக்கா மட்டும் கோபப்படாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"ஏம்மா, நான் கேட்டது கிளிப்பச்சை, வந்தது எலுமிச்சம்பழம். உங்க ஊர்ல சூரியன் வருமா வராதா?"

சுவருக்குள் போன ஆர்டர்

எங்கள் வீட்டில் ஃபோன் ஒன்றுதான். நைனா கொத்தனார். மேஸ்திரி கூப்பிடுவார் என்று காலை ஏழு மணிக்கு ஃபோனோடு கிளம்பிவிடுவார், திரும்புவது ஆறு மணிக்கு. ஏழுக்கு முன்னாலும் ஆறுக்குப் பின்னாலும்தான் நான் முதலாளி. நடுவில் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் சாரத்தின் மேல் நின்றுகொண்டு நைனாதான் பதில் சொல்வார். அதையும் சும்மா சொல்லமாட்டார். "பருத்தியா, பாலியஸ்டரா? எத்தினி இஞ்சு? நாடா கெட்டியா வேணுமா?" என்று கலவை கேட்பது மாதிரி கேட்பார். பத்து பேர் வேலை செய்கிற இடத்தில் வெட்கமே பட்டதில்லை, அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா ஆறு பாவாடை கேட்டாராம், கலர், அளவு, விலாசம் எல்லாம் எழுதி வைத்துவிட்டாராம். எங்கே என்றேன். பேப்பர் இல்லாததால் எதிரில் இருந்த செங்கல் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அவர் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொருவர் அந்தச் சுவருக்குப் பூச்சு போட்டுவிட்டார். அன்றைக்கு வந்த நம்பர்களுக்கெல்லாம் வரிசையாக அடித்தேன். மணல் லாரி, கம்பிக் கடை, தண்ணீர் டேங்கர், யாரோ ஒரு ராங் நம்பர், அதற்கப்புறம்தான் அந்த அம்மா கிடைத்தார். நான் கத்தித் தீர்த்தேன். நைனா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இன்னாத்துக்கு கத்தற? ஆர்டரு எங்கியும் போவல, பத்திரமா சுவத்துக்குள்ள கீது. அந்த வூடு இடியற வரைக்கும் அழியாது."

நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி

எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். ஆரணியாற்று அணைக்கரைக்குப் போனால் நாலு கோடு. ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கு வேலை இல்லை, ஃபோன் முழுசாக எனக்கு. அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வாரத்துக்கு வேண்டிய படங்களை எல்லாம் ஏற்றிவிடுவது என் திட்டம்.

ஏற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு வீடியோ பார்க்கலாம் என்று நினைத்தேன். குறைந்த நேரத்தில் ஆன்லைன் வியாபாரம் செய்வது எப்படி என்று ஒருவர் சொன்னார். அது முடிந்ததும் இன்னொருவர் நேரத்தை மிச்சம் பிடிக்க ஏழு வழி சொன்னார். மூன்றாமவர், முதல் இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்றார். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அன்றைக்கான டேட்டாவும் தீர்ந்துவிட்டது, ஒரு படமும் ஏறவில்லை. சிரிக்காதீர்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மாமா எழுந்து சாமானைக் கட்டினார். நான் ஃபோனை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, நீயும் மூணு மணி நேரமா குந்திக்கினுதான் கீற. எனக்காவது ரெண்டு கெண்டை மாட்டிச்சு, உனக்கு இன்னா மாட்டிச்சு?"

அலிபிரியில் ஏழு மஞ்சள் புடவை

சுவருக்குள் போன ஆர்டரின் சொந்தக்காரர் மஞ்சுளா அக்கா, பெங்களூரில் மெஸ் நடத்துகிறவர். வேண்டுதலுக்காக மஞ்சள் புடவை கட்டி திருப்பதி மலைக்கு நடந்து ஏற வருகிறேன், புடவை மெல்லிசு, வெள்ளைப் பாவாடை அசிங்கமாகத் தெரிகிறது, அடிவாரத்து அலிபிரிக்கே மஞ்சள் பாவாடை கொண்டுவந்து கொடுத்துவிடு என்றார். ஆறு பாவாடை வாங்கியவராயிற்றே, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த மஞ்சள் என்று தெரியாததால் மூன்று மஞ்சளை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். வேலை நாள், ஃபோன் நைனாவிடம். படி ஆரம்பிக்கிற இடத்தில் மஞ்சள் புடவையில் நிற்பேன் என்பதுதான் அடையாளம்.

அலிபிரியில் மஞ்சள் புடவை அடையாளம் என்று நம்பிப் போன முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். ஏழு பேரிடம் போய் "நீங்களா பாவாடை கேட்டது?" என்று கேட்டேன். ஐந்து பேர் தெலுங்கிலும் ஒருவர் கன்னடத்திலும் முறைத்தார்கள். ஏழாவதுதான் மஞ்சுளா அக்கா. மூன்றையும் புடவை மேல் வைத்துப் பார்த்து நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் லாபம் நாற்பது ரூபாய், பஸ்ஸுக்குப் போனது அதைப்போல நாலு மடங்கு. கைப்பையில் இருந்து ஒரு ஊக்கை எடுத்துக் காட்டினார். அதில் அவர் புடவையின் நூல் சுற்றியிருந்தது. மேட்சிங் வாங்கக் கடைக்குப் போகும்போது எப்போதும் அதைத்தான் எடுத்துப் போவாராம்.

"மூணு மஞ்சளைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியே, மூணு இஞ்ச் நூலை ஒரு கவர்ல போட்டு எனக்கு அனுப்பியிருக்கலாமில்ல?"

நகரி மாஸ்டர்

திரும்பி வரும் பஸ்ஸில் தூக்கமே வரவில்லை, எனக்கு இது புதுசு. மறுநாளே நகரிக்குப் போனேன். யூனிட்டில் இருக்கிற முப்பத்தாறு கலரிலும் தையல் நூல் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். பாவாடைத் துணியும் அதைத் தைக்கிற நூலும் ஒரே நிறம்தானே. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒவ்வொரு நூலையும் ஒட்டிப் பக்கத்தில் நம்பர் போட்டு, வாங்குகிறவர்களுக்குச் சாதாரணத் தபாலில் அனுப்புவதாகத் திட்டம். புடவைமேல் அட்டையை வைத்துப் பார்த்து நம்பரை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும். ஃபோட்டோவும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம்.

பாவாடை எத்தனை வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், நூல் மட்டும் போதும் என்றேன். கையில் காசு அவ்வளவுதான் இருந்தது. அவர் கத்தரியைக் கீழே வைத்தார். பாவாடை விற்கிறாயா, நூல் விற்கிறாயா என்பதுதான் கேள்வி, தெலுங்கில் அது இன்னும் காரமாக இருந்தது.

"ஏமம்மா, நுவ்வு லங்காலு அம்முதாவா, தாராலு அம்முதாவா?"

ஊர் சுற்றிய அட்டை

ஒரு அட்டை முடிக்க அரைமணி நேரம். சீரியல் பார்த்துக்கொண்டே அம்மாவும் நாலு நூல் ஒட்டுவாள். "இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று திட்டிக்கொண்டேதான் ஒட்டுவாள், ஆனால் என்னைவிட நேராக ஒட்டுவாள். கார்த்திகைக் கடைசி வாரத்தில் பத்து அட்டை அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒருவரும் ஒரு நம்பரும் அனுப்பவில்லை. மார்கழி பாதியில் அம்மா சந்தையிலிருந்து மூன்று அடுக்கு டிபன் கேரியர் வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். கம்பெனி பஸ்ஸில் போகிற எல்லோர் கையிலும் அதுதான் இருக்கும்.

காளஹஸ்தியில் ராதா அக்கா என்று ஒருத்தர், ஹோட்டலில் சமையல் வேலை. கடைசியில் வெட்கத்தை விட்டு, அட்டை வந்ததா என்று அவருக்கு நானே ஃபோன் போட்டேன். வந்தது என்றார். அப்புறம் பதினேழு நம்பர் வரிசையாகச் சொன்னார். நான் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டே போனேன்.

"பதினேழும் எனக்கில்ல, எங்க தெருவுக்கு. உன் அட்டை வூடு வூடா சுத்திக்கினு கீது, இப்ப யார்கிட்ட கீதுன்னே தெரியல. பொங்கல் புடவைக்கு வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க, எனக்குன்னு தனியா ஒண்ணு அனுப்பு."

பஸ்

மற்ற அட்டைகளும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தன. மார்கழிக் கடைசிப் பத்து நாளில் நைனாவே எனக்காக நகரிக்கு ஒரு தடவை போய்வந்தார். ஒரு பாவாடைகூடத் திரும்பி வரவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். எல்லாச் செலவும் போக அந்த மாதம் எனக்கு நின்றது கவிதா அக்காவின் சம்பளத்தில் பாதி. அதற்கு முந்தின மாதங்களைப் பற்றிப் பேசவேண்டாம்.

போகிக்கு முதல் நாள் கவிதா அக்கா வந்தாள். பொங்கல் கழிந்ததும் பஸ்ஸில் ஒரு சீட் காலியாகிறது, இன்றைக்கே பேர் சொல்லவேண்டும் என்றாள். கெடு கெடுதான், பாதிச் சம்பளம் வந்தால் வியாபாரம் ஓடியதாகுமா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த டிபன் கேரியர் அவள் முன்னால் திறந்து கிடந்தது. மேல் அடுக்கில் சிவப்பு வகை நூல், நடு அடுக்கில் பச்சை வகை, கீழே மஞ்சள். நம்பர் பார்க்காமலே எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அவ எங்க வரப்போறா, இருவத்திரெண்டாம் நம்பரு நூலு தீந்து போச்சு, பண்டிகை கழிஞ்சு கடை தொறந்ததும் நகரிக்குப் போவணும். நீ ஏன்டி கவிதா நின்னுக்கினே கீற, உக்காந்து இந்தப் பச்சையை ஒட்டிக் குடு."

நைனா ஏழு மணிக்கு ஃபோனை எடுத்துப் போவதற்குள் வேலையை முடிக்கவேண்டும் என்பதால், நாலே முக்கால் பஸ்ஸுக்குப் பயந்து நான் ஆரம்பித்த இந்த வியாபாரம் இப்போது என்னைத் தினமும் நாலு மணிக்கே எழுப்பிவிடுகிறது.